கூவும் ஸ்பீக்கரை வாத்தியமாக்குவது எப்படி?

காசிமேட்டுத் திருவிழா மேடையில் மைக் ‘கீ…’ என்று கூவினால் மைக்செட்காரர் பதறிப்போய் வால்யூமைக் குறைப்பார். அதே கூவலை வேண்டுமென்றே வரவழைத்து, வளர்த்தும் அடக்கியும் மற்ற வாத்தியங்களோடு வாசிக்கும் இசை ஒன்று உண்டு. எழுதிவைத்த மெட்டு கிடையாது, அந்தந்த நேரத்தில் தோன்றுவதுதான். லண்டனில் 1965-இல் தொடங்கிய ஏ.எம்.எம். குழு இதன் முன்னோடிகளில் ஒன்று. 1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் ‘மூக்’ சிந்தசைசரோடு ஒரு மின்னிசைக் கூடம் அமைத்தார். ராயபுரத்தில் ஒரு மாடி அறையில் நாங்கள் மூவர் வாசிப்பதும் இந்த வகைதான்: அண்ணன் ஒருவர் பறை, ஒரு தம்பி லேப்டாப், நான் தகரமும் பாத்திரமும்.

எங்களுக்கு மைக் என்பது பீசோ தகடு, எல்லாம் அதில்தான் தொடங்குகிறது. ‘பீப்’ என்று கத்தும் பஸ்ஸரைப் பிரித்தால் உள்ளே மெல்லிய பித்தளை வட்டும், அதன் மேல் வெள்ளையாக ஒரு பீங்கான் படலமும் இருக்கும். அதை வளைத்தால் மின்னழுத்தம் பிறக்கும். படிகங்களில் இந்தப் பண்பை 1880-இல் கண்டறிந்தவர்கள் ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள். பஸ்ஸரில் மின்சாரம் கொடுத்து அதிர்வு வாங்குகிறார்கள். நாம் அதிர்வைக் கொடுத்து மின்சாரம் வாங்குகிறோம். ஒயர் இரண்டை சால்டர் பண்ணி, பொருளின் மேல் டேப் போட்டு ஒட்டினால் ஆயிற்று. காற்றில் வரும் பேச்சு இதற்கு அவ்வளவாகக் கேட்காது, ஒட்டியிருக்கும் பொருளின் நடுக்கம்தான் கேட்கும். அலுமினிய அன்னக்கூடையின் விளிம்பை நகத்தால் கீறினால், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் கடை ஷட்டரை இழுப்பது போல வரும்.

ஆனால் இதை நேரே, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில் சொருகினால் அடித்தொனி இல்லாமல் கிரீச்சென்றுதான் இருக்கும். பலர் தகட்டைக் குறை சொல்லித் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தகட்டின் மேல் தப்பில்லை. 27 மி.மீ. வட்டு ஒன்று மின்சுற்றில் ஏறத்தாழ 20 நானோஃபாரட் மின்தேக்கியாக (கெப்பாசிட்டராக) நடந்துகொள்கிறது. அதுவும் மிக்ஸரின் உள்ளீட்டு மின்தடையும் சேர்ந்து, தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டியாகிவிடும். 10 கிலோஓம் உள்ளீட்டில் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேயத் தொடங்கும். பறையின் கனமே அதற்குக் கீழேதான் இருக்கிறது. நடுவில் 1 மெகாஓம் உள்ளீடு உள்ள சின்ன ப்ரீஆம்ப், அதாவது முன்பெருக்கி, வைத்தால் எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஒரு எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர், நாலைந்து உதிரிபாகங்கள், 9 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான் செலவு. விலை கூடிய மிக்ஸர் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள் என்று யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

சரி, கூவலுக்கு வருவோம். பறைத் தோலில், நடுவிலிருந்து சற்றுத் தள்ளி பீசோவை ஒட்டி, ஸ்பீக்கரைத் தோலைப் பார்த்துத் திருப்புகிறோம். தோலின் அதிர்வு ஸ்பீக்கரில் பெருகி, காற்று வழியே திரும்பி வந்து தோலையே அசைக்கிறது. சென்னை வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். ஸ்பீக்கர் 1 மீட்டர் தள்ளி இருந்தால் நொடிக்குச் சுமார் 350 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 1 சதவீதம் கூடினாலே ஒரு நொடியில் 30 மடங்கைத் தாண்டிவிடும். 1 சதவீதம் குறைந்தால் அதே வேகத்தில் செத்துவிடும். அதனால்தான் ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரில் வைத்த விரலை எடுக்க முடிவதில்லை.

எந்தச் சுருதியில் கூவும்? சுற்றி வரும் அலை, தோலின் இயல்பான அதிர்வோடு எங்கே காலம் பிசகாமல் சேர்கிறதோ அங்கே. வட்டச் சவ்வின் முதல் அதிர்வை 1 என்று வைத்தால், அதன் அதிர்வெண்கள் கணக்குப்படி 1, 1.59, 2.14, 2.30 என்று போகும். உண்மையான தோலில் கொஞ்சம் முன்பின் ஆகும். அண்ணன் தோலின் நடுவில் விரல் வைத்தால், நடுவே அதிகம் அசையும் முதல் அதிர்வு அடங்கிவிடும். இரண்டாவது அதிர்வுக்கு நடுப்பகுதி அசைவதே இல்லை, ஆகவே அது தப்பித்துக்கொள்ளும். கூவல் சட்டென 1.59 மடங்குக்குத் தாவும். ஸட்ஜத்திலிருந்து ஏறக்குறைய சுத்த தைவதம். குச்சியே படாமல் பறை சுரம் மாற்றுவதை முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மூன்று பேரின் ஒலியும் ஒரே ஸ்பீக்கரில் போவதால், என் அன்னக்கூடை பறையால் நடுங்கும். தம்பி விடும் தாழ்ந்த ஒலி தோலைத் தட்டாமலே தட்டும். ஒலியைப் பெருக்கும் ஆம்ப் தன் உச்சத்தைத் தொட்டதும் அதற்கு மேல் பெருக்க முடியாது. அப்போது வலுத்த கூவல் மற்றவற்றுக்கான பெருக்கத்தையும் தின்றுவிடும், மெலிந்தது அடங்கிப்போகும். அதாவது நான் ஃபேடரை ஏற்றினால் அண்ணனின் பறைக் கூவல் நின்றுபோகலாம். “தம்பி, கொஞ்சம் எறக்கு, தோலு மூச்சு உடட்டும்” என்று அண்ணன் என்னிடம் சொல்வார். இறக்கினால், பறையின் சுரம் தானாக முளைத்து வரும்.

லேப்டாப்புக்குத் தாமதம் உண்டு. 48,000 ஹெர்ட்ஸில் 512 ஒலி மாதிரிகளைத் தேக்கி அனுப்பும் பஃபர் ஏறக்குறைய 11 மில்லிநொடி, தம்பி நாலு மீட்டர் தள்ளி உட்கார்ந்த கணக்கு. சமாளிக்கலாம். புளூடூத் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம், அதன் தாமதத்தில் எதற்கும் கை கொடுக்க முடியாது.

சாயங்காலம் கடல்காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சுரம் இறங்கும். அண்ணன் பறையை அனலில் காட்டிக் காய்ச்சுவார். அதற்கு முன் பீசோவைக் கழற்றிவிட வேண்டும், சூட்டில் டேப்பின் பசை இளகிவிடும். திரும்ப ஒட்டும்போது அதே இடம் அமையாது, கூவல் வேறொரு சுரத்தில் எழும். தம்பி அதைக் கேட்டு லேப்டாப்பில் தன் சுருதியை மாற்றிக்கொள்வான்.