நின்றே கெடும் கார்

சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிவான காரை ஆண்டுக்கு 45 நாள்களுக்குமேல் சாலையில் ஓட்ட முடியாது. குறைந்தது 35 ஆண்டு வயதான கார்களுக்கு உரிய இந்தத் திட்டம் சாலை வரியில் சலுகை தருகிறது. அதற்கு ஈடாக, ஆண்டின் எஞ்சிய 320 நாள்களும் காரை நிறுத்தியே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. பழைய காரைச் சீரமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தேய்ந்த பிஸ்டனையும் பல்சக்கரங்களையும் எண்ணிக் கவலைப்பட்டு, கையிலுள்ள பணத்தை எஞ்சினில் கொட்டிவிடுகிறார்கள். ஆனால் ஆண்டில் எட்டில் ஒரு பங்கு நாள்கூட ஓடாத காரை ஓட்டத்தின் தேய்மானம் அவ்வளவாகத் தொடுவதில்லை. நிற்கும் காரில் ஓசையின்றி நடக்கும் வேதிவினைகள்தாம் அதைத் தின்கின்றன. அந்த வினைகளைப் புரிந்துகொண்டால் எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக்கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கணக்கைப் போடவேண்டி வந்தது பெரியப்பாவுக்காக. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவர் இளவயதில் ஓட்டியதும், இப்போது உறவினர் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்பதும் ஒரே வகைக் கார்: மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் கார்தான் பிரிட்டிஷ் கார்களிலேயே முதன்முதலில் பத்து லட்சம் விற்பனையைத் தாண்டியது. அத்தனை கார்கள் செய்யப்பட்டதால் இன்றும் இங்கிலாந்தில் அதன் உதிரிபாகங்கள் புதிதாகவே கிடைக்கின்றன. குறைந்த செலவில் சீரமைக்க விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அரிய கார் மலிவாகக் கிடைத்தாலும், அதன் ஒரு கண்ணாடிப் பட்டைக்காக உலகெங்கும் தேடும்போது அந்த மலிவு காணாமல் போய்விடும். சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தை இருந்த காலத்தில் சில பொருள்களை நடந்துபோயே வாங்கலாம் என்பார்கள். 2017 ஜூலையில் அதுவும் மூடப்பட்டுவிட்டது.

முதலில் துருவைப் பார்ப்போம். இரும்பு காற்றுப் பட்டால் துருப்பிடிக்கும் என்று பள்ளியில் படித்தது பாதி உண்மைதான். துருப்பிடித்தல் ஒரு மின்வேதிவினை. தகட்டின்மேல் படிந்த மெல்லிய நீர்ப்படலம் மின்கலத்தின் திரவம்போல் செயல்படுகிறது. தகட்டின் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாகக் கரைகின்றன. அந்த இடம் ஆனோடு. விடப்பட்ட எலக்ட்ரான்கள் இரும்பின் வழியாகவே வேறோர் இடத்துக்கு ஓடி, அங்கே நீரோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனிகளை உருவாக்குகின்றன. அந்த இடம் கேத்தோடு. இரண்டிலிருந்தும் வரும் அயனிகள் சந்தித்து, மேலும் ஆக்சிஜனை ஏற்றுச் செம்பழுப்புத் துருவாக மாறுகின்றன. அதாவது, ஒரே தகட்டுக்குள் எண்ணற்ற குட்டி மின்கலங்கள் இடைவிடாமல் இயங்கிக்கொண்டிருக்கின்றன.

இந்த மின்கலம் இயங்க மழை பெய்ய வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பின் மேற்பரப்பில் போதுமான நீர்ப்படலம் உருவாகி அரிப்பு வேகமெடுக்கிறது. சிங்கப்பூரில் விடியலுக்கு முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் ஏறுகிறது; மழையில்லாத பிற்பகலில்கூட 60 விழுக்காட்டை ஒட்டித்தான் இறங்குகிறது. ஆகவே இங்கே திறந்தவெளியில் நிற்கும் கார் முழுமையாக உலரும் நேரம் மிகக் குறைவு. போதாததற்குக் கடல் உப்பும் இருக்கிறது. சாதாரண உப்பு 75 விழுக்காடு ஈரப்பதத்தில் காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கரையும் என்றால், கடல் உப்போடு கலந்துவரும் மக்னீசியம் குளோரைடு ஏறக்குறைய 33 விழுக்காட்டிலேயே கசிந்துவிடும். கடற்காற்று அடிக்கும் இடத்தில் நிற்கும் காரின் அடித்தட்டு தொட்டுப் பார்த்தால் உலர்ந்ததாகத் தெரிந்தாலும், அரிப்புக்கு வேண்டிய ஈரம் அங்கே இருக்கத்தான் செய்யும்.

துரு எங்கே பிடிக்கும் என்பதில் இன்னொரு விநோதம் உண்டு. காற்று நன்றாகப் படும் இடம்தான் கெடும் என்று நாம் எதிர்பார்ப்போம். நடப்பது அதற்கு நேர்மாறு. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யூலிக் எவன்ஸ் 1920களில் இரும்புத் தகட்டின்மேல் ஒரு சொட்டு உப்புநீரை வைத்து இதைக் காட்டினார். சொட்டின் விளிம்பில் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைப்பதால் அது கேத்தோடாகிப் பிழைத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் எட்டாத நடுப்பகுதி ஆனோடாகி அரிக்கப்படுகிறது. காரில் இந்தச் சொட்டின் நடுப்பகுதிக்கு இணையான இடங்கள் ஏராளம்: சக்கர வளைவில் ஒட்டிய சேற்றின் அடி, ரப்பர் பட்டையின் உள்பக்கம், இரண்டு தகடுகளைப் புள்ளி வெல்டிங்கில் இணைத்த மடிப்பு. அங்கே உருவாகும் துரு, தான் பிறந்த இரும்பைப்போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் மடிப்பை உள்ளிருந்தே பிளக்கிறது. பிளவுக்குள் மேலும் நீர் போகிறது. வெளிச்சாயத்தில் ஒரு சிறு கொப்புளம் தெரியும் நாளில் உள்ளே கைப்பிடியளவு தகடு அரித்துப் போயிருக்கும்.

பணத்தைப் பிரித்து வைப்பதற்கு இந்த அறிவு உடனே உதவுகிறது. மோரிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடற்கூடே பாரத்தைச் சுமக்கிறது. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி வடிவ விளிம்புகள், தரைத்தகடு, பின்புற வில்தகடுகள் மாட்டியிருக்கும் இடங்கள் ஆகியவை அரித்துப்போனால் கார் இரண்டாக மடியக்கூடும். சக்கரங்களுக்கு மேலுள்ள மட்கார்டுகளோ போல்ட்டு போட்டு மாட்டியவை. அவற்றில் ஓட்டை விழுந்தால் கேடு அழகுக்கு மட்டுமே. பளபளக்கும் மட்கார்டையும் உளுத்த விளிம்பையும் கொண்ட காரைவிட, உறுதியான விளிம்பும் அசிங்கமான மட்கார்டும் உள்ள கார் எவ்வளவோ மேல். விற்பவர்கள் இதை நன்கு அறிந்தவர்கள் என்பதால்தான் விலைக்கு வரும் பல பழைய கார்கள் மேலே மின்னுகின்றன. விளிம்பு வெல்டிங்கை நல்ல பட்டறையில் கொடுத்துச் செய்வதுதான் முறை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கார் நிறுத்துமிடங்களில் பழுதுபார்ப்பு வேலைக்கு இடமில்லை என்பதால், எப்படியும் சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ ஒரு பட்டறையை நம்பித்தான் ஆகவேண்டும்.

பட்டறைக்குக் கொடுக்காமல் நாமே செய்யக்கூடியது கழற்றி எடுத்த சிறு இரும்புப் பாகங்களின் துருவை நீக்குவது. துரு ஒரு மின்வேதிவினை என்றால், வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து அதைத் தடுத்துத் திருப்பவும் முடிய வேண்டுமல்லவா? பிளாஸ்டிக் தொட்டியில் நீரை ஊற்றிச் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், ஒரு வீணான இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி நீரில் தொங்கவிட்டால் போதும். எலக்ட்ரான்கள் பாகத்துக்குள் திணிக்கப்படுவதால் துருவின் ஒரு பகுதி மேக்னடைட் என்னும் கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. பாகத்தில் எழும் ஹைட்ரஜன் குமிழ்கள் மற்ற துருவை நெகிழ்த்துகின்றன. பிறகு தூரிகையால் தேய்த்தால் கழன்றுவிடும். நல்ல இரும்பு இதில் கரைவதில்லை என்பதுதான் அமிலத்தைவிட இதற்குள்ள சிறப்பு.

மலிவான முறை என்பதற்காக அலட்சியம் கூடாது. ஹைட்ரஜன் தீப்பற்றும் என்பதால் காற்றோட்டமுள்ள வெளியிடத்தில்தான் செய்ய வேண்டும். நேர்முனையில் துருவேறா எஃகை மாட்டினால் நச்சுத்தன்மை மிக்க ஆறிணைதிறன் குரோமியம் நீரில் கலக்கும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரலாம். அலுமினியப் பாகங்கள் காரநீரில் அரிக்கப்படும் என்பதால் கார்புரேட்டரை இதில் போடவே கூடாது. சுருள்வில்களும் உயர்வலிமை போல்ட்டுகளும் ஹைட்ரஜனை உள்வாங்கி நொறுங்கும் தன்மை அடையக்கூடும். அவற்றைச் சிட்ரிக் அமிலத்தில்கூட நீண்ட நேரம் ஊறவைக்க வேண்டாம். மற்றபடி, தேக்கா பக்கத்து மளிகைக் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் அதே சிட்ரிக் அமிலம் சிறு பாகங்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. புளி போட்டுக் குத்துவிளக்கைத் துலக்கும்போது டார்டாரிக் அமிலம் உலோக ஆக்சைடைக் கரைத்து எடுத்துச்செல்வது போன்றதுதான் இதுவும்.

சுத்தமான இரும்பு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மீண்டும் துருப்பிடிக்கத் தொடங்கும் என்பதால் அன்றைக்கே முதற்பூச்சு பூச வேண்டும். துத்தநாகத்தூள் செறிந்த பூச்சைத்தான் பெரியப்பா பரிந்துரைத்தார். கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டிகளை மாட்டும் வழக்கத்தைக் கண்டவர் அவர். இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை இழக்கும் துத்தநாகம், தான் கரைந்து கப்பலைக் காக்கிறது. இத்தகைய காப்பை ஹம்ப்ரி டேவி 1824இலேயே கப்பல்களின் செப்புத் தகடுகளுக்காக முன்வைத்தார். அதே கட்டியைக் காரில் மாட்டினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு, பயன் இருக்காது. கப்பலைச் சுற்றிக் கடல்நீர் தொடர்ச்சியாக இருப்பதால் அயனிகள் கட்டிக்கும் உடலுக்கும் இடையே ஓட முடிகிறது. காரின்மேல் இருப்பது அங்குமிங்கும் திட்டுத்திட்டான ஈரம். ஆகவே கட்டியாக மாட்டாமல், தகட்டின் ஒவ்வோர் இடத்திலும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி பூச்சாகத் தந்தால்தான் துத்தநாகம் காக்கும்.

எஞ்சினைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி உண்டு. பல ஆண்டு நின்ற கார் உயிர்பெறாததற்குக் காரணம் பெரும்பாலும் சிறியது. தீப்பொறிச் சுற்றில் ஒரு சோடித் தொடுமுனைகள் மூடித் திறக்கின்றன. அவை மூடியிருக்கும்போது சுருளில் பாயும் மின்னோட்டம், திறக்கும் கணத்தில் அறுபட, காந்தப்புலம் சரிந்து 12 வோல்ட் பல்லாயிரம் வோல்ட்டாக எழும்புகிறது. தொடுமுனைகளில் ஆக்சைடு படிந்தால் மின்னோட்டமே பாயாது. மெல்லிய அரத்தால் தேய்த்து, இடைவெளியை 0.38 மில்லிமீட்டர் அளவில் வைத்தால் பல எஞ்சின்கள் அங்கேயே கண் விழிக்கும். அதற்குமுன் எஞ்சினைக் கையால் சுழற்றிப் பார்ப்பது அவசியம். பிஸ்டன் வளையங்கள் உருளைச்சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பினால் வளையம் உடையும்.

ஈயமில்லாப் பெட்ரோல் பழைய எஞ்சினைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. சிங்கப்பூர் 1998இல் ஈயம் கலந்த பெட்ரோலைக் கைவிட்டது. ஈயச் சேர்மங்கள் எரிந்து வால்வுக்கும் அது மூடி அமரும் இருக்கைக்கும் இடையே ஒரு மெல்லிய படலமாகப் படிந்து, செஞ்சூட்டில் இரண்டும் நுண்ணிய அளவில் ஒட்டிப் பிய்வதைத் தடுத்தன என்பது உண்மைதான். ஆனால் இந்தத் தேய்வு நீண்டநேர அதிவேக ஓட்டத்தில்தான் கடுமையாகிறது. 45 நாள் கார், அதுவும் மிதமான வேகத்தில், அந்த நிலையை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். கடினமான இருக்கைகளைப் பொருத்தும் செலவை, சிலிண்டர் ஹெட்டை வேறு காரணத்துக்காகக் கழற்றும் நாள்வரை ஒத்திப்போடலாம் என்பது என் கருத்து.

ஒத்திப்போடவே கூடாதது பிரேக். இந்தக் காரில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவச் சுற்று. எங்கே கசிந்தாலும் மிதி தரையைத் தொட்டுவிடும். பிரேக் திரவம் நீரை ஈர்க்கும் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது என்பதால் காற்றிலுள்ள நீரை ரப்பர் குழாய் வழியாகவும் மூடியின் துளை வழியாகவும் உறிஞ்சுகிறது. டாட் 3 (DOT 3) என்னும் தரவகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசில் கொதிக்க வேண்டும், 3.7 விழுக்காடு நீரேறிய பின் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்குகிறது. திரவம் கொதித்தால் ஆவிக்குமிழ் உருவாகிறது. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. மிதியில் கொடுத்த விசை குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். உறிஞ்சிய நீர், சக்கரங்களில் பிரேக்கைத் தள்ளும் உருளைகளை உள்ளிருந்தும் அரிக்கிறது. ஆகவே உருளைகள், ரப்பர் மூடிகள், குழாய்கள், திரவம் அனைத்தையும் புதிதாக மாற்ற வேண்டும். பழைய குழாய் பார்க்க நன்றாக இருக்கிறதே என்று மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. எழுபது வயதுக்கு மேற்பட்டவரை ஓட்டவிடப் போகிறோம் என்றால் இதில் பேரம் பேச முடியாது. டயர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். சாலையைத் தொடும் வரிப்பள்ளங்கள் தேயாவிட்டாலும் ரப்பர் ஆக்சிஜனாலும் ஓசோனாலும் விறைத்துப்போகும். பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் சொல்லும்.

சீரமைத்து முடித்தபின் பலர் செய்யும் ஒரு பழக்கம் காருக்குக் கேடு செய்கிறது. வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவதுதான் அது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக வெளிப்படுகிறது. எஞ்சின் முழுச் சூடேறாத நிலையில் அந்த ஆவியில் ஒரு பங்கு சைலன்சரில் குளிர்ந்து தேங்குகிறது. வளையங்களைக் கடந்து கீழே இறங்கும் இன்னொரு பங்கு எண்ணெயில் கலந்து, எரிதலில் பிறக்கும் அமிலங்களோடு சேர்ந்து எஞ்சினின் தாங்கிகளை (பேரிங்குகளை) தாக்குகிறது. பேட்டரியும் தொடக்கத்தில் இழந்த மின்னூட்டத்தை ஐந்து நிமிடத்தில் திரும்பப் பெறாது. மின்னூட்டம் குறைந்து நிற்கும் பேட்டரியில் ஈய சல்பேட்டுப் படிகங்கள் இறுகிக்கொண்டே போகும். சிறிய பராமரிப்புச் சார்ஜர் ஒன்றை மாட்டிவைப்பது அதைவிட நல்லது. ஆனால் மைனரில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும் என்பதால் முனைகளை ஒருமுறைக்கு இருமுறை பார்த்து இணைக்க வேண்டும்.

ஓட்டும் நாளில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டி, எண்ணெயிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும் அளவுக்குச் சூடேறவிட வேண்டும். மழையில் ஓட்டிவந்தால், வீடு நெருங்கும்போது பிரேக்கைச் சிலமுறை மெதுவாக அழுத்தி டிரம்களைச் சூடாக்கி உலர்த்தியபின் நிறுத்தினால், மறுமுறை எடுக்கும்போது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்காது. மேலே போர்த்துவதற்குப் பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம். அது இரவின் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். காற்றுப் புகும் துணி உறையே நல்லது, அதையும் கார் முழுதாக ஆறி உலர்ந்த பிறகே போட வேண்டும்.