முதுநிலைப் பொருளியலும் வினாப்பட்டியலும்

வளரும் நாடுகளில் முதுநிலைப் பொருளியல் படிப்பைத் தொடங்குவது குறித்த கூட்டங்களில் பாடத்திட்டம், கணினிக்கூடம், ஆசிரியர் பணியிடம் ஆகியவையே பேசப்படுகின்றன. மாணவர் தாமே திரட்டும் தரவைப் பற்றி எவரும் பேசுவதில்லை என்பது, ஆண்டுதோறும் ஆய்வேடுகளைத் திருத்தும் எனக்குப் பெருங்கவலை தருகிறது.

நம் மண்ணில் இக்கல்வி அப்படித் தொடங்கவில்லை. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ‘இந்தியப் பொருளியல்’ பாடத்தின் முதல் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊர் திரும்பிய மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து, தத்தம் கிராமத்தின் நிலவுடைமை, பயிர், கூலி, கடன் ஆகியவற்றைக் குறித்துவரச் செய்தார். அக்குறிப்புகள் 1918இல் நூலாக வெளிவந்தன. 1930களில் பொருளியலாளர்கள் பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மறுஆய்வு செய்தனர். அவற்றுள் ஒன்றான, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டுக்கு 1981இல் ஆய்வாளர்கள் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் சென்றார்கள். 2008இல் மேலும் ஒரு குழு சென்றது. நிலம் யாரிடமிருந்து யாரிடம் போயிற்று, பண்ணையாள் முறை எப்படித் தேய்ந்தது என்பதையெல்லாம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குத் தொடர்ந்து பார்க்க முடிவதற்கு, முதலில் எழுதிவைத்த அந்த மாணவர்களே காரணம்.

களத்தில் கிடைக்கும் பயிற்சியை வகுப்பறை தருவதில்லை. என் மாணவி ஒருவர், நடவு வேலை செய்யும் அம்மா ஒருவரிடம், “உங்கள் ஆண்டு வருமானம் எவ்வளவு?” என்று கேட்டார். அந்த அம்மா பேசாமல் இருந்தார். “நடவுக்கு ஒரு நாள் கூலி என்னம்மா? வருசத்துல எத்தனை நாள் வேலை இருக்கும்?” என்று மாற்றிக் கேட்டதும், அவர் தை, மாசி என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். வருமானம் என்ற கருத்தை அம்மாணவி அன்றுதான் புரிந்துகொண்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்று பல ஆய்வேடுகள், இணையத்தில் கிடைக்கும் புள்ளிவிவரத்தை மென்பொருளில் இட்டு முடிக்கப்படுகின்றன. சில குடும்பங்களை மட்டும் தேர்ந்து அரசு நடத்தும் மாதிரி ஆய்வுகள் இன்றியமையாதவை. ஆனால் ஓர் எண் எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்று அறியாதவரால் அவற்றையும் சரியாகப் பயன்படுத்த இயலாது. நான் பணியாற்றிய ஒரு துறையில், இருபது ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த நிரப்பப்பட்ட வினாப்பட்டியல்கள், அறைக்கு வெள்ளையடித்தபோது பழைய காகிதமாக எடைக்குப் போயின. அவ்வூர்களுக்கு இனி யார் சென்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை.

புதிதாக முதுநிலைப் படிப்பு தொடங்கும் துறைகள், முதல் ஆண்டிலேயே மூன்று நான்கு ஊர்களைத் தேர்ந்து, நிரப்பிய படிவங்களை எண்ணிட்டு நூலகத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குத் தேவைப்படுபவை ஒரு பீரோவும், சாவிக்குப் பொறுப்பான ஒருவரும்தான்.