வைரி: ஒளிந்திருந்து அடிக்கும் பறவை

கோழிக்குஞ்சைத் தூக்கிப் போகும் எந்தப் பறவையையும் பருந்து என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். வானத்தில் சிறகை அசைக்காமல் வட்டமிடும் கரும்பருந்துக்கு அந்தப் பெயர் பொருந்தும். ஆனால் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் வேப்பமரத்தின் இலைமறைவில் உட்கார்ந்தபடியே பிழைப்பு நடத்தும் இன்னொரு வேட்டைப் பறவையும் ஊருக்குள் இருக்கிறது. அதுதான் வைரி. வல்லூறு என்றும் சொல்வார்கள்.

ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கேயும், இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரையிலும் இது உண்டு. அடர்ந்த காடுதான் வேண்டும் என்றில்லை. புளியந்தோப்பு, கண்மாய்க்கரை, கல்லூரி வளாகம், நகரத்துப் பூங்கா என்று நாலு பெரிய மரம் இருந்தால் போதும்.

ஆள் பெரிதில்லை. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 26 முதல் 30 சென்டிமீட்டர்தான். ஆணுக்கு மேல்பக்கம் சாம்பல் நிறம். மார்பும் வயிறும் வெள்ளை, அதில் செம்பழுப்பில் நெருக்கமான குறுக்குக் கோடுகள். தொண்டையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு மங்கலான கருங்கோடு. கண் நல்ல சிவப்பு. பெண்ணின் முதுகில் கொஞ்சம் பழுப்பு கலந்திருக்கும், கண் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். இளம் பறவையைப் பார்த்தால் வேறு இனமோ என்று தோன்றும்: முதுகெல்லாம் பழுப்பு, மார்பில் குறுக்குக் கோட்டுக்குப் பதிலாக மேலிருந்து கீழ் இறங்கும் கீற்றுகளும் திட்டுகளும்.

இதன் வேட்டை சூட்சுமம் சிறகில் இருக்கிறது. கரும்பருந்தின் சிறகு நீளமானது. வெயிலில் சூடாகி மேலெழும் காற்றில் ஏறிக்கொண்டு, உழைப்பே இல்லாமல் மணிக்கணக்கில் மிதக்க அது வசதி. ஆனால் அவ்வளவு நீளச் சிறகோடு கிளைகளுக்கு நடுவே புகுந்து பறக்க முடியாது. வைரியின் சிறகு குட்டை, நுனி உருண்டை. குட்டைச் சிறகை வேகமாக அடிக்கலாம், உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று வேகம் எடுக்கலாம், இரண்டு கிளைகளுக்கு இடையில் உடலைச் சாய்த்து நுழையலாம். நீளமான வால்தான் திருப்பவும் நிறுத்தவும் உதவுகிறது. வளைவில் அதை ஒருபக்கமாகச் சாய்க்கும், இரையை நெருங்கியதும் அகல விரித்து வேகத்தைக் குறைக்கும். லாரிக்கும் சந்துக்குள் ஓடும் பைக்குக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. இப்படிச் சிறகடித்தால் சீக்கிரம் களைத்துப்போகும், நெடுந்தூரம் துரத்த முடியாது. அதனால் வைரியின் பிழைப்பே இரை சுதாரிப்பதற்குள் போய்ச் சேர்வதில்தான் இருக்கிறது. முதல் பாய்ச்சலில் கிடைக்காவிட்டால் பெரும்பாலும் விட்டுவிட்டு வேறொரு கிளையில் போய் உட்கார்ந்துகொள்ளும். வானில் வட்டமிடவே செய்யாது என்றும் சொல்ல முடியாது. கூடு கட்டும் காலத்தில் ஜோடியாக மேலேறிச் சுற்றுவதைப் பார்க்கலாம்.

இரையில் பாகுபாடு கிடையாது. ஓணான், பல்லி, எலி, அணில், சிறு பறவைகள், தட்டான், வெட்டுக்கிளி, சில நேரம் சிறு வௌவால். வெயில் காயும் ஓணான் மாதிரி சுலபமான இரை இருக்கும்போது, பறக்கும் குருவிக்குப் பின்னால் ஓட அவசியமும் இல்லை.

கொல்லும் வேலை முழுவதும் கால்களுடையது. ராஜாளி போன்ற ஃபால்கன் இனப் பறவைகள் பிடித்த இரையின் கழுத்தை அலகால் கடித்து முறிக்கும், அதற்கென்றே அவற்றின் மேல் அலகில் பல் போன்ற ஒரு முனை உண்டு. வைரிக்கு அது கிடையாது, நெருக்கியும் குத்தியும்தான் கொல்லும். பின்விரலிலும் முன்விரல்களில் உள்பக்கத்து விரலிலும் நகங்கள் மற்றவற்றைவிடப் பெரியவை. இரை இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். கால் மடங்கும்போது தசைநாண் இழுபட்டு விரல்கள் தாமாக இறுகும். அந்தத் தசைநாணின் அடியில் சொரசொரப்பான மேடுகள் இருக்கின்றன, அதைச் சுற்றியுள்ள உறையின் உட்புறத்திலும் அதற்கேற்ற மடிப்புகள். இரண்டும் கோத்துக்கொண்டால் பிடி பூட்டிக்கொள்ளும். அப்புறம் இரை எவ்வளவு துள்ளினாலும், பிடியை விடாமலிருக்கத் தசைகள் பெரிதாகச் சிரமப்பட வேண்டியதில்லை.

பெண் ஆணைவிடப் பெரியது. வேட்டைப் பறவைகளில் இது பொதுவான விஷயம், காரணம் குறித்துப் பல விளக்கங்கள் உண்டு. கூட்டுக்கு இரை கொண்டுவரும் ஆண் சிறியதாக இருந்தால் சுறுசுறுப்பாக வேட்டையாடலாம், முட்டையையும் குஞ்சையும் காக்கும் பெண் பெரியதாக இருந்தால் கூட்டுக்கு நல்லது என்பது அவற்றில் ஒன்று. கூட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. காக்கைக் கூடு போலச் சுள்ளிகளைத் தாறுமாறாக அடுக்கி, உள்ளே கொஞ்சம் புல். சுள்ளியை அலகில் கவ்வாமல் காலில் பிடித்துக்கொண்டு வரும் என்பதுதான் வேடிக்கை.

வைரி வந்தால் அக்கம்பக்கம் முழுக்கத் தெரிந்துவிடும். அணில் விடாமல் கத்தும், தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கூச்சல் போடும். இந்தப் பயத்தை வைத்துப் பிழைக்கும் பறவைகளும் இருக்கின்றன. கரிச்சான் வைரியைப் போலக் குரல் கொடுக்கும். மைனாக்கள் பயந்து பறந்ததும், அவை விட்டுப்போன இரையைத் தூக்கிக்கொள்ளும்.

அக்காக்குயில் இன்னும் ஒரு படி மேலே. தவிட்டுக்குருவிகளின் கூட்டில் முட்டையிடும் இந்தக் குயிலின் சாம்பல் முதுகு, கோடு போட்ட மார்பு, நீள வால், பறக்கும் விதம் எல்லாமே வைரியை ஒத்தவை. கிளையில் இறங்கியதும் வாலைப் பக்கவாட்டில் ஆட்டுவதுகூட அப்படியே. அதன் இளம் பறவைக்கும் இளம் வைரியைப் போலவே மார்பில் திட்டுகள். இப்படிப்பட்ட வேஷம் உண்மையில் பலிக்குமா என்று பிரிட்டனில் நிக் டேவிஸ், ஜஸ்டின் வெல்பெர்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்து, முடிவை 2008இல் வெளியிட்டார்கள். அங்கே உள்ள குயில், வைரியின் உறவுக்காரப் பறவை ஒன்றைப் போலிருக்கும். பாடம் செய்த குயிலைத் தீவனத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தபோது, அதனால் எந்த ஆபத்தும் இல்லாத சிட்டுகள்கூட அசல் வேட்டைப் பறவையைக் கண்டதுபோலவே பயந்தன. மார்புக் கோடுகளை மறைத்ததும் பயம் குறைந்துவிட்டது.

நாம் ஏமாறாமலிருக்க அலகையும் காலையும் பார்த்தால் போதும். வைரியின் அலகு குட்டையாகக் கொக்கிபோல வளைந்திருக்கும், கால் நீளமாக வலுவாக இருக்கும். அக்காக்குயிலுக்கு அலகு மெலிந்தது, கால் குட்டை, கண்ணைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு மஞ்சள் வளையமும் உண்டு.