வட்டார மருத்துவமனையில் புற்றுநோய் ஆய்வு: முதலில் ஒரு ஆள் வேண்டும்

இரண்டாவது வகை கீமோவும் பலன் தரவில்லை என்று சொல்ல வேண்டிய நாளில், உடன் வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "புதுசா ஏதாவது வந்திருக்கா டாக்டர்?" பல நேரம் வந்திருக்கும். ஏதோ ஒரு புதிய மருந்து ஆய்வில் இருக்கும், இந்த நோயாளிக்குப் பொருந்தவும் கூடும். ஆனால் அந்த ஆய்வு நடப்பது தொலைவில் உள்ள ஒரு பெரிய மையத்தில். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, சில ஆய்வுகளில் வாரம் ஒரு முறை, அங்கே போய் வர வேண்டும். உடம்பில் தெம்பில்லாத ஒருவருக்கும், வேலையை விட்டுவிட்டுத் துணைக்குப் போக வேண்டிய இன்னொருவருக்கும் அது நடக்கிற காரியமில்லை. "சரி டாக்டர், இங்க இருக்கிறதையே பாருங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பெரு நகரங்களுக்கு வெளியே புற்றுநோய்க்கு மருத்துவம் பார்க்கும் எல்லோருக்கும் பழக்கமான உரையாடல் இது. ஆய்வு பெரிய மையங்களின் வேலை, சிகிச்சை மட்டும் நம் வேலை என்று பிரித்து வைத்திருப்பதால் வருவது. இந்தப் பிரிவினை நோயாளிகளுக்குக் கெடுதல் செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம். வட்டார மருத்துவமனைக்குள்ளேயே ஆய்வை வளர்க்க முடியும். கட்டடம், கருவி, பெரிய நிதி எல்லாவற்றுக்கும் முன்னால் அதற்குத் தேவைப்படுவது, ஆய்வுக்கென்றே நேரம் ஒதுக்கப்பட்ட ஒரு ஆள்.

"நம்ம நோயாளிகள் இதுக்கெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க" என்று சக மருத்துவர்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். அமெரிக்காவில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது வேறு சித்திரம். புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய 56 சதவீதம் பேருக்கு, அவர்கள் சிகிச்சை பெறும் இடத்தில் பொருத்தமான ஆய்வே இல்லை என்று 2019இல் வெளியான தொகுப்பு சொன்னது. சேர விருப்பமா என்று கேட்கப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் சம்மதித்திருக்கிறார்கள் என்று 2021இல் வந்த இன்னொரு தொகுப்பு காட்டியது. கேட்டால் பாதிக்கு மேல் வருகிறார்கள். கேட்பதற்குத்தான் ஆய்வும் இல்லை, ஆளும் இல்லை.

இதில் இன்னொரு இழப்பு இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆய்வுகளில் சேர்பவர்கள் பெரும்பாலும் வயதில் இளையவர்கள், சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்கள், பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். மருந்தின் அளவு, பக்கவிளைவு, பலன் எல்லாம் அவர்களை வைத்துத்தான் தீர்மானமாகின்றன. கீமோவுக்குப் பிறகு வெள்ளணுக்கள் குறைந்து காய்ச்சல் வந்தால், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றும் விதி. மருத்துவமனையிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் இருப்பவருக்கு அது நடக்கும். வண்டி பிடித்து மூன்று மணி நேரம் வர வேண்டியவருக்கு நடக்காது. ஆய்வறிக்கையில் 'சமாளிக்கக்கூடிய பக்கவிளைவு' என்று எழுதியிருப்பது, தொலைவில் வாழும் நோயாளிக்கு உயிராபத்தாகிவிடலாம். அவரைப் போன்றவர்கள் ஆய்வுக்குள் இருந்தால்தான் இந்த வித்தியாசம் எண்ணிக்கையில் தெரியவரும். இல்லாதவரை, யாரோ சிலரிடம் கிடைத்த விடையை நாங்கள் வேறு யாருக்கோ பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

தொலைவே ஆய்வுக் கேள்வியாகவும் ஆகலாம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்ததும் கதிர்வீச்சு தர வேண்டியிருக்கும். நோயாளிகள் கரண்ட் வைப்பது என்று சொல்வார்கள். தினமும் வந்து போக வேண்டிய சிகிச்சை அது. பிரிட்டனில் நடந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு, மூன்று வாரத்தில் 15 முறை தரும் கதிர்வீச்சை ஒரே வாரத்தில் 5 முறையாகச் சுருக்கினால் என்ன ஆகும் என்று பார்த்தது. 4,096 பேர் சேர்ந்தார்கள். ஐந்தாண்டு முடிவுகள் 2020இல் வெளியாயின. அதே மார்பில் நோய் திரும்புவதில் ஒரு வாரச் சிகிச்சை எந்த வகையிலும் குறைந்ததில்லை என்று தெரிந்தது. இதில் பங்கெடுத்த 97 மருத்துவமனைகளில் 47 மட்டுமே கதிர்வீச்சு மையங்கள். மீதி 50, நோயாளிகளை அங்கே அனுப்பிவைக்கும் மருத்துவமனைகள். கதிர்வீச்சுக் கருவியே இல்லாத இடமும் உலகச் சிகிச்சை முறையை மாற்றிய ஓர் ஆய்வில் பங்காளியாக இருக்க முடிந்திருக்கிறது.

திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு இன்னொரு வகை. அம்பிலிக்கையில் உள்ள ஒரு சமூக நல மருத்துவமனை, சென்னைப் புற்றுநோய் நிறுவனம், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மூன்றும் சேர்ந்து அதைச் செய்தன. பயிற்சி பெற்ற செவிலியர்கள், வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்தே பரிசோதித்தார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த இந்த ஆய்வின் முடிவு 2007இல் வெளியானது. பரிசோதனைக் குழுவில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் நேரும் மரணங்கள் 35 சதவீதம் குறைந்திருந்தன. பெரிய கருவி எதுவும் இல்லாமல் கிடைத்த விடை இது.

ஆனால் அந்த ஆய்வை முழுதாகச் சொல்ல வேண்டும். ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பெண்களுக்குப் பரிசோதனை வழங்கப்படவில்லை, வழக்கமாகக் கிடைக்கும் மருத்துவ வசதி மட்டுமே. இந்தியாவில் நடந்த இதே போன்ற ஆய்வுகள் மீது பிற்பாடு கடுமையான நெறிமுறை விமர்சனம் எழுந்தது. அந்த விமர்சனத்தில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். 'இங்கே வழக்கமாகக் கிடைப்பது எதுவுமே இல்லை' என்ற நிலையையே ஒப்பீட்டுக்கான அளவுகோலாக வைத்துக்கொண்டால், வசதியில்லாத இடங்கள் ஆய்வுக்குச் சௌகரியமான இடங்களாகிவிடும். வட்டார மருத்துவமனையில் ஆய்வு தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, புதிய சிகிச்சை கிடைக்காத குழுவுக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான். நிரூபிக்கப்பட்ட நல்ல சிகிச்சை கிடைக்கும் என்றால் மேலே பேசலாம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? இங்கிலாந்தில் 2001இல் தேசியப் புற்றுநோய் ஆய்வு வலையமைப்பைத் தொடங்கியபோது, மூன்றாண்டுகளில் ஆய்வுகளில் சேர்பவர்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது இலக்கு. அதை அவர்கள் தாண்டினார்கள். உள்ளூர் மருத்துவமனைகளில் ஆய்வுச் செவிலியர்களையும் தரவுப் பணியாளர்களையும் அமர்த்தியது அதற்கு முக்கியக் காரணம்.

ஆய்வுச் செவிலியர் காலையில் ஓ.பி. பட்டியலைப் பார்த்து, நடக்கிற ஆய்வுக்கு யார் பொருந்தக்கூடும் என்று குறித்து மருத்துவரின் மேசையில் வைப்பார். மருத்துவர் பேச்சைத் தொடங்கியதும் நோயாளியைத் தனியறைக்கு அழைத்துப்போய், அரை மணியோ ஒரு மணியோ உட்கார்ந்து படிவத்தை விளக்குவார். எந்த நாளில் ரத்தம் எடுப்பது, எந்த வாரத்தில் ஸ்கேன் என்று தேதிகளைக் காப்பார். வராதவரைப் போனில் கூப்பிட்டு ஏன் வரவில்லை என்று கேட்பார். நோயாளி வேறு எங்கோ காய்ச்சலோடு அட்மிட் ஆனால் அதை அறிந்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வை நடத்துபவர்களுக்குத் தெரிவிப்பார். வார்டில் முப்பது பேரைப் பார்த்துக்கொள்ளும் செவிலியரிடம் 'இதையும் சேர்த்துப் பார்த்துக்கோங்க' என்று கொடுத்தால் சில மாதங்களில் ஆய்வு நின்றுபோகும். நிற்காவிட்டால் இன்னும் மோசம், பதிவுகள் அரைகுறையாக இருக்கும்.

ஆய்வுச் செவிலியரின் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். மருந்து நிறுவனத்தின் ஒரே ஒரு ஆய்வை நம்பி ஆளை எடுத்தால், அந்த ஆய்வு முடிந்ததும் அவரும் போய்விடுவார், சேர்த்த அனுபவமும் போய்விடும். ஆய்வுகளிலிருந்து வரும் கட்டணத்தைத் தனியாக ஒரு பொதுக் கணக்கில் போட்டு, மருத்துவமனையே நிரந்தரப் பணியிடமாக வைத்துக்கொள்வதுதான் நிலைக்கும் வழி. நிர்வாகத்தோடு முதலில் வாதாட வேண்டியதும் இதற்காகத்தான்.

அப்புறம் கேஸ் ஷீட். 'நோயாளி நன்றாக இருக்கிறார்' என்ற வரியை வைத்து எந்த ஆய்வும் செய்ய முடியாது. நடமாட்டத் திறனை 0 முதல் 5 வரை அளக்கும் ஈகாக் அளவை ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். வாந்தி, வாய்ப்புண், கைகால் மரத்துப்போவது எல்லாவற்றுக்கும் 1 முதல் 5 வரை தரம் இருக்கிறது, அதையும் எழுத வேண்டும். நோயின் நிலை, பயாப்சி முடிவு, கொடுத்த மருந்தின் அளவு, அளவைக் குறைத்திருந்தால் காரணம், சிகிச்சையைப் பாதியில் விட்டிருந்தால் அதற்கான காரணம். ஆய்வு எதுவும் நடக்காவிட்டாலும் இந்தப் பழக்கம் நோயாளிக்கு நல்லது. அடுத்த முறை பார்க்கும் மருத்துவர் வேறொருவராக இருந்தாலும் நிலைமை ஒரே பார்வையில் புரியும்.

இங்கிலாந்தில் பெருங்குடல் புற்றுநோயாளிகளைப் பற்றி 2017இல் வெளியான ஓர் அலசல் இதை ஒட்டியதுதான். ஆய்வுகளில் தொடர்ந்து அதிகம் பங்கெடுத்த மருத்துவமனைகளில், ஆய்வில் சேராதவர்களையும் சேர்த்து எல்லா நோயாளிகளின் உயிர் பிழைக்கும் விகிதமும் மேலாக இருந்தது. ஆய்வுதான் முழுக் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் எழுதிவைத்த முறைப்படி சிகிச்சை தருகிற பழக்கம் ஒரு துறைக்குள் வந்துவிட்டால், எல்லோருக்கும் அப்படித்தான் தருவார்கள். இதை நடைமுறையில் பார்க்க முடிகிறது.

புதிய இடம் எந்த ஆய்வை முதலில் எடுக்கலாம்? மனிதர்களிடம் முதன்முதலாகக் கொடுத்துப் பார்க்கும் முதற்கட்ட மருந்து ஆய்வு வேண்டவே வேண்டாம். மணிக்கொரு முறை ரத்தம் எடுக்கவும், நள்ளிரவில் நிலைமை மோசமானால் தீவிர சிகிச்சை தரவும் ஆள் வேண்டியிருக்கும். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சிகிச்சைகளை ஒப்பிடும் மூன்றாம் கட்ட ஆய்வுகள், வலி, வாந்தி, சோர்வைக் குறைக்கும் ஆய்வுகள், சிகிச்சையை நடுவில் விடாமல் தொடரச் செய்யும் வழிகள், இவைதான் நமக்கு ஏற்றவை. நியூயார்க்கில் 766 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், ஒரு குழுவினர் தங்கள் அறிகுறிகளை வழக்கமாகக் கணினி வழியே தெரிவித்தார்கள், மோசமானால் செவிலியருக்குத் தகவல் போகும்படி செய்திருந்தார்கள். அந்தக் குழுவில் பாதிப் பேர் 31.2 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் 26 மாதத்துக்கு மேல். 2017இல் வந்த முடிவு. ஐந்து மாத வித்தியாசம் தந்தது, தொந்தரவு முற்றுவதற்குள் யாரோ ஒருவர் கவனித்தது. வட்டார மருத்துவமனையின் பலமே நோயாளியைப் பேர் சொல்லி அறிந்திருப்பதுதான் என்பதால், இத்தகைய கேள்விகளை நாங்கள் இன்னும் நன்றாகவே கேட்க முடியும்.

புதிய மருந்து ஆய்வுகளைக் கொண்டுவர ஆஸ்திரேலியாவின் 'டெலிடிரையல்' முறை நல்ல வழி. குயின்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில் மருத்துவமனை, ஏறக்குறைய 900 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மவுண்ட் ஐசா நோயாளிகளுக்கு வீடியோ வழியே கீமோவை மேற்பார்வை செய்துவந்தது. அந்த அனுபவத்தைத் தொடர்ந்து, 2016இல் அந்நாட்டின் புற்றுநோய் மருத்துவச் சங்கம் ஆய்வுகளுக்கும் இதை நீட்டியது. பெரிய மையம் முதன்மை இடம், சிறிய மருத்துவமனை துணை இடம். சில ஆலோசனைகளை வீடியோவில் முதன்மை மருத்துவர் பார்ப்பார், ரத்தப் பரிசோதனையும் மருந்தும் கண்காணிப்பும் நோயாளியின் ஊருக்குப் பக்கத்திலேயே நடக்கும். எந்த வேலைக்கு யார் பொறுப்பு என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கவிளைவு வரும் இரவில் இரண்டு பக்கமும் மற்றவரைக் கைகாட்டும்.

ஒப்புதல் வாங்குவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், சிறிய இடங்களில் சிக்கல் அங்கேதான். உயிரைக் காப்பாற்றும் மருத்துவரே 'சேர்றீங்களா' என்று கேட்டால் பலரால் மறுக்க முடியாது. மறுத்தால் கவனிக்க மாட்டாரோ என்ற பயம் இருக்கும். அதனால் மருத்துவர் தகவலைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள, முடிவைக் கேட்பது ஆய்வுச் செவிலியராக இருப்பது நல்லது. படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, அடுத்த முறை வரும்போது பதில் வாங்கலாம். நோயாளிக்கே நோயின் பெயரைச் சொல்லாமல் வீட்டார் மறைத்து வைத்திருக்கும் இடத்தில் ஒப்புதல் என்ற பேச்சுக்கே இடமில்லை, மகன் எத்தனை ஆர்வமாக இருந்தாலும். ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு சொந்தமாக இல்லாத மருத்துவமனை, அங்கீகரிக்கப்பட்ட வேறு குழுவை நாடலாம். ஆய்வை நடத்துபவர் அதே ஆய்வை அனுமதிக்கும் இடத்தில் உட்காரக் கூடாது.

"எங்களை வச்சு சோதிச்சுப் பாக்குறீங்களா?" என்று கேட்பவர்களிடம் கோபப்படக் கூடாது, அது நியாயமான கேள்வி. இரண்டு சிகிச்சையில் எது மேல் என்று உண்மையிலேயே யாருக்கும் தெரியாதபோதுதான் ஆய்வு நடக்கிறது, யாருக்கு எது என்பதைக் கணினி சீட்டுக் குலுக்குவது போலத் தீர்மானிக்கிறது, மருத்துவர் தேர்ந்தெடுப்பதில்லை என்று நேராகச் சொல்லலாம். நல்ல மருந்து இருக்கும்போது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை மட்டும் கொடுத்து நோயாளியை விட்டுவிடுவது ஏற்கப்படுவதில்லை. எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம், வழக்கமான சிகிச்சை தொடரும். கூடுதல் ஸ்கேனுக்கும் பயணத்துக்கும் யார் செலவு செய்வார்கள், பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு என்பதைக் கேட்டு, படிவத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

ஆய்வின் முடிவைத் தெரிந்துகொள்ளவும் பங்கேற்றவர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று, மனிதர்களிடம் நடக்கும் மருத்துவ ஆய்வுக்கான உலக நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனம் சொல்கிறது. நடைமுறையில் முடிவு ஆங்கில இதழில் வெளியாவதோடு நின்றுவிடுகிறது. ஆண்டுகள் கழித்து விடை வரும்போது சேர்ந்தவர்களில் பலர் உயிரோடு இருக்க மாட்டார்கள், ஆனால் அந்த வீட்டில் யாரோ ஒருவர் அதற்காகக் காத்திருக்கக்கூடும். எளிய மொழியில் ஒரு பக்கக் கடிதம் போதும். அது யாருக்குப் போக வேண்டும் என்று ஒப்புதல் நாளிலேயே நோயாளியிடம் கேட்டு, பெயரையும் போன் நம்பரையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.