ஸ்லோ கம்ப்யூட்டரில் கேம் ரெக்கார்டிங்: சாஃப்ட்வேரைத் தேடும் முன் மெஷினைப் பாருங்கள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, மன்னார்குடியில் உள்ள எங்கள் சர்வீஸ் கடைக்கு ஒரே ரகத்தில் சிபியுக்கள் வர ஆரம்பித்துவிடும். பழைய ஐ3, 4 ஜிபி ரேம், பத்து வருட ஹார்ட் டிஸ்க். கூட வரும் பையன், "அண்ணே, கேம் நல்லாத்தான் ஓடுது, ரெக்கார்டு போட்டாத்தான் திக்குது. லைட்டா ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுங்கண்ணே" என்பான். அப்பா பின்னாலிருந்து, "வைரஸாத்தான் இருக்கும் தம்பி, ஃபார்மட் அடிச்சிடுங்க" என்பார்.

பெரும்பாலும் வைரஸும் இல்லை, சாஃப்ட்வேர் கனமாக இருப்பதும் இல்லை. இந்த "லைட்" என்ற சொல்லை வைத்துத்தான் யூடியூபில் பாதிப்பேர் வீடியோ போட்டுப் பிழைக்கிறார்கள். டவுன்லோடு ஃபைல் 20 எம்பி என்றால் லைட், 150 எம்பி என்றால் ஹெவி என்று பையன்கள் நம்புகிறார்கள். ரெக்கார்டிங்கில் கம்ப்யூட்டருக்கு வலிப்பது வேறு இடத்தில்.

1080p திரையை நொடிக்கு 60 படம் என்று எடுத்தால், ஒரு நொடிக்கு சுமார் 12.4 கோடி புள்ளிகள். அதை அப்படியே சேமித்தால் நொடிக்கு 370 எம்பிக்கு மேல் ஆகும். சாதாரண ஹார்ட் டிஸ்க்கால் அந்த வேகத்தில் எழுதவே முடியாது. அதனால் ஒவ்வொரு படத்தையும் அந்தக் கணத்திலேயே சுருக்கி எழுத வேண்டும். இதுதான் என்கோடிங். கேமை ஓட்டும் பிராசஸரே இந்த வேலையையும் பார்த்தால், ஒரே மோட்டாரை வைத்து இரண்டு வயலுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் பாய்ச்சுகிற கதைதான்.

இதற்கென்றே சில சிப்களுக்குள் என்கோடர் என்று தனியாக ஒரு பகுதி உண்டு. இன்டெல் கோர் வரிசையில் 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை முதல் க்விக் சிங்க் இருக்கிறது. என்விடியாவில் 2012-இல் வந்த ஜிடிஎக்ஸ் 600 வரிசை முதல் என்வென்க். ஏஎம்டி ரேடியானிலும் ஏறக்குறைய அதே காலத்திலிருந்து இதே வசதி. ரெக்கார்டிங் வேலை இந்தப் பகுதிக்குப் போனால் பிராசஸர் கேமை மட்டும் கவனிக்கும். உங்கள் மெஷினில் இது இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. எந்த சாஃப்ட்வேர் என்பதெல்லாம் அப்புறம்.

இதில் சில பொறிகள் உண்டு. இரண்டாம், மூன்றாம் தலைமுறை செலரான், பென்டியம் சிப்களில் க்விக் சிங்க் கிடையாது. கிராபிக்ஸ் கார்டு போட்டிருக்கிறோமே என்று நம்பவும் முடியாது. நம் ஊரில் நிறைய விற்ற ஜிடி 1030 கார்டில் என்கோடர் இல்லை. 2022-இல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6400-இலும் இல்லை. இன்னொன்று, கார்டு சொருகியவுடன் பல மதர்போர்டுகள் இன்டெல்லின் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். அதோடு க்விக் சிங்க்கும் போய்விடும். பயாஸுக்குள் (விண்டோஸ் வரும் முன்பே திறக்கிற மதர்போர்டின் செட்டிங்ஸ்) போய் உள் கிராபிக்ஸை மறுபடி ஆன் செய்தால், கேமைக் கார்டு பார்த்துக்கொள்ளும், ரெக்கார்டிங்கை இன்டெல் பார்த்துக்கொள்ளும். ஐ5 மெஷினோடு ஜிடி 1030 வைத்திருப்பவர்கள் செலவே இல்லாமல் இதைச் செய்து பார்க்கலாம்.

சோதிக்க எளிய வழி விண்டோஸ் 10, 11-க்குள்ளேயே இருக்கிற கேம் பார். விண்டோஸ் பட்டனோடு ஜி. ரெக்கார்டிங்குக்கு விண்டோஸ், ஆல்ட், ஆர் மூன்றும் சேர்த்து. "இந்தக் கம்ப்யூட்டர் தகுதி இல்லை" என்ற பொருளில் அது செய்தி காட்டினால், என்கோடர் இல்லை அல்லது கிராபிக்ஸ் டிரைவர் சரியாகப் போடவில்லை. முதலில் டிரைவரைப் பாருங்கள். ஃபார்மட் அடித்துவிட்டு டிரைவர் போடாமல் அனுப்பிய மெஷின்கள் இங்கே நிறைய வருகின்றன. ரெக்கார்டிங் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்தால் வீடியோ என்கோடு என்றொரு கட்டம் இருக்கும். அதில் கோடு ஏறி இறங்கினால் வேலை சரியான இடத்துக்குப் போகிறது.

கேம் பார் வேலை செய்கிறது என்றால், பலருக்கு அதோடு கதை முடிந்தது. வேறு எதையும் இறக்க வேண்டாம். வீடியோ எம்பி4 ஆக வீடியோஸ் ஃபோல்டருக்குள் கேப்சர்ஸ் என்ற இடத்தில் விழும். செட்டிங்ஸில் 30 எஃப்பிஎஸ் (நொடிக்கு 30 படம்), ஸ்டாண்டர்டு குவாலிட்டி என்று வையுங்கள். நடந்து முடிந்ததைப் பின்னணியில் ரெக்கார்டு செய்யும் வசதியை மட்டும் மறக்காமல் அணையுங்கள். அது ஆனில் இருந்தால், நீங்கள் பட்டனைத் தொடாதபோதும் மெஷின் ரெக்கார்டு செய்துகொண்டே இருக்கும்.

கேம் பார் ஒரு ஜன்னலைத்தான் பிடிக்கும், டெஸ்க்டாப்பை எடுக்காது. முகம், இரண்டு மூன்று காட்சிகள் என்று வேண்டுமானால் ஓபிஎஸ் ஸ்டூடியோ. திறந்த மூல மென்பொருள், முழுக்க இலவசம், வாட்டர்மார்க் இல்லை, நேரக் கட்டுப்பாடு இல்லை. "ஓபிஎஸ் ஹெவிண்ணே" என்று சொல்பவர்களின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால் என்கோடர் எக்ஸ்264 என்று இருக்கும். அதாவது எல்லாச் சுமையும் பிராசஸர் தலையில். அவுட்புட் பகுதியில் க்விக் சிங்க், என்வென்க், ஏஎம்டி என்று எது தெரிகிறதோ அதற்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். அப்புறம் அவுட்புட் அளவு 1280க்கு 720, எஃப்பிஎஸ் 30. நொடிக்கு 2.8 கோடிக்கும் குறைவான புள்ளிகள்தான், முன்னே சொன்னதில் கால் பங்குகூட இல்லை. அளவைக் குறைக்கும் ஃபில்டரில் பைலீனியர். சோர்ஸில் டிஸ்ப்ளே கேப்சருக்குப் பதிலாக கேம் கேப்சர். பிரிவியூவையும் அணைத்துவிடுங்கள். இந்தச் சிப் என்கோடர்கள் எதுவுமே பட்டியலில் வராத மெஷினில் வேறு வழியில்லை, எக்ஸ்264-ஐ அல்ட்ராஃபாஸ்டில் வைத்து ஓட்ட வேண்டியதுதான். மைக் இரைச்சலைக் குறைக்க ஆர்என்நாய்ஸ் நன்றாக இருக்கும், ஆனால் பிராசஸரைத் தின்னும். பழைய மெஷினுக்கு ஸ்பீக்ஸ் போதும்.

அப்படியும் திக்கினால் ஊகிக்க வேண்டாம். ஓபிஎஸ்-இல் ஸ்டாட்ஸ் என்றொரு பலகை இருக்கிறது, அதில் இரண்டு வரிகள் முக்கியம். ரெண்டரிங் லேக் எண் ஏறினால் கிராபிக்ஸ் முழுதாகக் கேமிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. கேமுக்குள் எஃப்பிஎஸ் உச்சவரம்பு வையுங்கள், ஓபிஎஸ்-ஐ அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டிப் பாருங்கள். என்கோடிங் லேக் ஏறினால் என்கோடருக்கு மூச்சு வாங்குகிறது. அளவையோ எஃப்பிஎஸ்-ஐயோ இன்னும் இறக்குங்கள். முதல் ஐந்து பத்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் மட்டும் திக்கினால் சந்தேகத்தைச் சூட்டின் மேல் போடுங்கள். சிப் 100 டிகிரியை நெருங்கும்போது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது கதிர் மெஷின் கிளப்பும் தூசி எங்கள் பக்கம் எல்லா வீட்டுக்குள்ளும் வரும். அந்தத் தூசி லேப்டாப் ஃபேனுக்குப் பின்னால் மெத்தைபோல் படிந்திருப்பதைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றிய பின், அதே சாஃப்ட்வேர் திக்காமல் ஓடியதைப் பல மெஷின்களில் பார்த்திருக்கிறேன்.

இனி இந்தக் கட்டுரையை எழுத உண்மையான காரணம். பேண்டிகேம் என்ற ரெக்கார்டரின் இலவசப் பதிப்பில் 10 நிமிடம்தான் எடுக்க முடியும், வீடியோவின் மேலே அதன் பெயரும் விழும். ஃப்ராப்ஸ் என்ற இன்னொரு ரெக்கார்டரின் இலவசப் பதிப்பில் 30 நொடிதான். 2013-க்குப் பிறகு அதற்குப் புதுப் பதிப்பும் வரவில்லை. வீடியோவில் விழும் பெயரை எடுக்கத்தான் பையன்கள் "கிராக்" (பணம் கட்டாமல் பூட்டை உடைத்த பதிப்பு) என்று தேடுகிறார்கள். கிடைப்பது பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைல். கூடவே, "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று குறிப்பு. பாஸ்வேர்டு எதற்கு என்றால், உள்ளே இருப்பதை ஆன்டிவைரஸ் பார்த்துவிடக் கூடாது என்பதற்குத்தான்.

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு சிபியு வந்தது. கேம் ஆடுவது மகன், உரக்கடைக் கணக்கு எழுதுவது அப்பா, மெஷின் ஒன்றே. கிராக் ஓடிய அன்று இரவே எல்லா ஃபைல் பெயர்களின் வாலிலும் புரியாத நான்கு எழுத்து. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு கடிதம். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் இந்த ரகத்துக்கு ரான்சம்வேர் என்று பெயர். அதில் ஸ்டாப் என்ற குடும்பம் பெரும்பாலும் இப்படிக் கிராக் ஃபைல்களோடு ஒட்டிக்கொண்டுதான் பரவியது. விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்தோம். கணக்கை மீட்க முடியவில்லை. பேக்கப் இல்லை.

ரான்சம்வேர் சத்தம் போட்டுக்கொண்டு வருவதால் தெரிந்துவிடுகிறது. சத்தமில்லாத ரகம் இதைவிட மோசம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் லாகின் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். எந்த யூடியூப் சேனலுக்காக ரெக்கார்டர் தேடினோமோ அந்தச் சேனலே கைமாறிவிடும். கிராக் வேண்டாம், நல்ல பிள்ளையாக ஓபிஎஸ் இறக்குகிறேன் என்பவர்களுக்கும் பொறி வைத்திருக்கிறார்கள். 2023 ஜனவரியில் ஓபிஎஸ், விஎல்சி, 7-ஜிப் போன்றவற்றின் பெயரில் கூகுள் தேடலின் உச்சியில் போலி விளம்பரங்கள் வந்தன. ஓபிஎஸ் என்று நம்பி இறக்கிய ஒருவர் கிரிப்டோ சேமிப்பையே இழந்தார். ஆகவே தேடலில் மேலே வரும் "ஸ்பான்சர்டு" இணைப்பைத் தொடாதீர்கள். முகவரியை ஓபிஎஸ் ப்ராஜெக்ட் டாட் காம் என்று இடம் விடாமல் நீங்களே டைப் செய்யுங்கள்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு: 2022-இல் வந்த ஓபிஎஸ் 28 முதல் விண்டோஸ் 7, 8 இரண்டுக்கும், 32-பிட்டுக்கும் ஆதரவு இல்லை. 27.2.4 தான் கடைசி. அதையும் ஓபிஎஸ் குழுவின் கிட்ஹப் பக்கத்திலிருந்தே எடுங்கள், "ஓல்டு வெர்ஷன்" தளங்களிலிருந்து வேண்டாம். 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்கள் இன்னும் கிராமங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டு, சிம்பிள் ஸ்கிரீன் ரெக்கார்டர் பயன்படுத்துவது ஓரளவு நிம்மதி. விண்டோஸ் கேம்கள் பல அதில் ஓடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் கரண்ட். பராமரிப்புக்கு நிறுத்துவதைச் சொல்லிவிட்டு நிறுத்துவார்கள். சொல்லாமல் போவதுதான் ரெக்கார்டிங்கைக் கொல்லும். ஓபிஎஸ்-இன் சாதாரண எம்பி4 ஃபைல், தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். நடுவில் கரண்ட் போனால் ஒரு மணி நேர வீடியோவும் திறக்காது. எம்கேவி என்று வைத்தால் அதுவரை எழுதியது பிழைக்கும். பிறகு ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் கொடுத்தால் தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும். 2024-இல் வந்த 30.2 பதிப்பு முதல் ஹைபிரிட் எம்பி4 என்ற வடிவமும் உண்டு. அதுவும் இதைத் தாங்கும். நொடிக்கு 5,000 கிலோபிட் என்று வைத்தால் மணிக்குச் சுமார் 2.25 ஜிபி ஆகும், கணக்குப் போட்டு டிஸ்க்கில் இடம் விடுங்கள். ஃபேட்32 பென்டிரைவில் நேரடியாக எழுத வேண்டாம், 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை அது ஏற்காது.

கொஞ்சம் செலவு செய்ய முடியும் என்றால் முதலில் எஸ்எஸ்டி. அடுத்து, ஒற்றை ரேம் உள்ள மெஷினில் இரண்டாவதாக ஒன்று. உள் கிராபிக்ஸ் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது, இரட்டையாகப் போட்டால் கேமே வேகம் எடுக்கும்.

மொபைல் கேமை எமுலேட்டரில் ஆடி, அதை ரெக்கார்டு செய்யக் கேட்டு வருபவர்கள்தான் இப்போது அதிகம். 4 ஜிபி ரேமில் விண்டோஸ், அதற்குள் ஒரு முழு ஆண்ட்ராய்டு, அதன் மேல் கேம், எல்லாவற்றுக்கும் மேல் ரெக்கார்டர். எந்த செட்டிங்ஸும் இதைக் காப்பாற்றாது. ஆண்ட்ராய்டு 11 முதல் ஸ்கிரீன் ரெக்கார்டர் போனுக்குள்ளேயே வருகிறது. போனிலேயே ஆடி, போனிலேயே எடுத்து, கேபிள் போட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம். எமுலேட்டர் போடச் சொல்லி வரும் தம்பிகளுக்கு, பில் போடும் முன் அவர்கள் போனில் அந்தப் பட்டனைத்தான் காட்டுகிறேன்.