கோழி பிடிக்க வரும் கீரியும் வனவிலங்குச் சட்டமும்

காலையில் கோழி அடைக்கும் கொடாப்பைத் திறந்தால் இறகு மட்டும் சிதறிக் கிடக்கிறது. குஞ்சிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்த கோழி. அந்த ஆத்திரத்தில்தான் கண்ணி வைப்பதும், மிச்சம் கிடக்கும் இறைச்சியில் குருணைப் பூச்சிமருந்தைத் தூவி வைப்பதும் நடக்கிறது. கோபம் நியாயமானதுதான். ஆனால் கோழியைப் பறிகொடுத்தவரே வழக்கிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. அது காட்டுக்குள் மட்டும்தான் செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பட்டியலில் உள்ள விலங்கு உங்கள் பட்டா நிலத்தில், கோழிக்கூட்டுக்குள்ளேயே வந்து நின்றாலும் அதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

2022-இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. உயிரினங்களைப் பட்டியலிடும் ஆறு அட்டவணைகள் நான்காகக் குறைந்தன. விலங்குகளைப் பொறுத்தவரை முதல் இரண்டைத்தான் நாம் பார்க்க வேண்டும். முதலாவதில் இருப்பவற்றுக்குக் கடும் பாதுகாப்பு. கீரியும் நரியும் இப்போது அதில்தான் இருக்கின்றன. 'தொல்லை தரும் உயிரினங்கள்' என்று முன்பு தனியாக ஓர் அட்டவணை இருந்தது. அது இப்போது இல்லை. ஓர் உயிரினத்தை அப்படி அறிவிக்க வேண்டுமென்றால் மத்திய அரசுதான் அறிவிக்க வேண்டும், அதுவும் குறிப்பிட்ட பகுதிக்கும் காலத்துக்கும் மட்டும். ஊர்க்கூட்டத்தில் முடிவெடுத்துக்கொள்கிற விஷயமில்லை.

அடுத்தது 'வேட்டை' என்ற சொல். துப்பாக்கியும் வேட்டை நாயும்தான் நம் நினைவுக்கு வரும். சட்டத்தில் அதன் பொருள் ரொம்பப் பெரியது. கொல்வது, விஷம் வைப்பது, கண்ணி, பொறி, இரை வைத்து இழுப்பது, உயிரோடு பிடிப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். கூண்டுப்பொறியில் மரநாயைப் பிடித்து, அடி படாமல் தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று நல்ல மனதோடு செய்பவர்கள் இருக்கிறார்கள். அனுமதியில்லாமல் செய்தால் அதுவும் இதில் அடங்கும். குஞ்சு தூக்கும் பருந்தின் கூட்டைக் கலைத்தாலும், முட்டையை உடைத்தாலும் அப்படியே.

முதல் அட்டவணை விலங்கு என்றால் தண்டனை குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. கூடவே 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மற்ற பெரும்பாலான மீறல்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விதிவிலக்கும் உண்டு. தன் உயிரையோ இன்னொருவர் உயிரையோ காப்பாற்ற, வேறு வழியில்லாமல் நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது. ஆனால் அது மனித உயிருக்கான விலக்கு. கோழியைக் காக்க அடித்தேன் என்றால் அதில் சேராது.

பாம்புக்கும் இதே கதைதான். சாரையும் நல்ல பாம்பும் பாதுகாக்கப்பட்டவை. கூட்டுக்குள் பாம்பு தெரிந்தால் தள்ளி நின்று, அது எங்கே போகிறது என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வனத்துறையையோ தீயணைப்பு நிலையத்தையோ கூப்பிடுங்கள். தெருநாய் வனவிலங்கு இல்லை. ஆனாலும் அதற்கு மருந்து வைத்தால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை வரலாம். நாய்த் தொல்லைக்கு ஊராட்சியிலோ நகராட்சியிலோ எழுத்தில் புகார் கொடுங்கள். கருத்தடையும் தடுப்பூசியும் அவர்கள் பொறுப்பு.

சரி, அப்போது கோழிக்காரர் என்னதான் செய்வது? கூட்டைப் பலப்படுத்த யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். என் அனுபவத்தில் பாதி இழப்பு அந்திக் கதவில்தான் நடக்கிறது. இருட்டியபின் மூடினால் தாமதம். கோழி அடையும் நேரத்திலேயே எண்ணி, மூடி, கொக்கியும் போட்டுவிட வேண்டும்.

வந்தது எது என்று தெரிந்தால் எதை அடைப்பது என்றும் தெரியும். பகலில் குஞ்சு காணாமல் போனால் பருந்து, வல்லூறு, கீரி, காக்கை இவற்றில் ஒன்றாக இருக்கும். இரவில் கூரை வழியாக வருவது மரநாய். ஓட்டு இடுக்கே அதற்குப் போதும். இறகுகூட இல்லாமல் முட்டையோ குஞ்சோ மறைந்தால் பாம்பைச் சந்தேகப்படுங்கள்.

கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும். மெல்லிய கம்பி, பெரிய கண். நாய் கடித்துக் கிழித்துவிடும், சின்னப் பாம்பு நுழைந்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை, போடுங்கள். அதை நிலத்தோடு நிறுத்தாமல் வெளிப்பக்கமாக ஓர் அடி மடித்துப் புதைத்துவிட்டால், தோண்ட வரும் கீரிக்கும் நாய்க்கும் கம்பிதான் தட்டுப்படும். குஞ்சுகளைப் பகலில் கவிழ்த்து வைக்கும் பஞ்சாரக் கூடையிலோ, மேலே வலை கட்டிய இடத்திலோ விடுங்கள். சிந்திய தீவனத்தை அன்றன்றே கூட்டிவிடுங்கள். தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலிக்கம்பியில் விடுவதை மட்டும் நினைத்தும் பார்க்காதீர்கள். அதில் முதலில் சாவது பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. உங்கள் கொல்லையில் ஒரு வனவிலங்கு தானாகவே செத்துக் கிடந்தாலும் அது அரசின் சொத்து. தோல், நகம், கீரி முடி எதையும் எடுத்து வைக்கக் கூடாது. அப்படி எதுவும் உங்கள் கைக்கு வந்திருந்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவித்துவிடுங்கள்.