மைக் முன்னால் மறந்துபோவது ஏன்?

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் கேரளப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் தமிழ்ச் செய்யுளும் பேச்சுமாக மேடையேறுகிறார்கள். வீட்டில் கடகடவென்று வந்த பாட்டு அங்கே மூன்றாம் அடியில் நின்றுவிடுவது உண்டு.

கூட்டம் நம்மையே பார்க்கிறது என்றதும் மூளை அதை ஆபத்தாகக் கணக்கெடுக்கிறது. சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி சில நொடிகளிலேயே அட்ரினலினை ரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும், எச்சில் வற்றும். அடுத்து வரும் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் நிதானமாக ஏறும். உச்சம் தொட 20, 30 நிமிடமாகும். மனப்பாடம் செய்ததை நினைவிலிருந்து எடுக்கவிடாமல் தடுப்பதில் இதற்குப் பங்கு உண்டு. ஐந்து நிமிடப் பேச்சுக்குள் அது ஏறிவிடாதே என்று தோன்றலாம். எப்போது கூப்பிடுவார்களோ என்று மேடைக்குப் பின்னால் நிற்கிறார்களே, அப்போதே ஏறத் தொடங்கிவிடுகிறது.

ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993இல் வகுத்த சோதனை இந்தப் பதற்றத்தைத்தான் வேண்டுமென்றே உண்டாக்குகிறது: தயாராகச் சிறிது நேரம், 5 நிமிடப் பேச்சு, பிறகு 1022இலிருந்து 13, 13 ஆகக் கழிக்கும் மனக்கணக்கு. தப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து. எதிரே இருக்கும் குழு முகத்தில் ஒன்றும் காட்டாது. 'நடுவர் முகத்தைப் பார்க்காதே' என்று ஆசிரியர்கள் சொல்வது சும்மா இல்லை. தலையாட்டிக் கேட்கும் ஒருவரைக் கூட்டத்தில் தேடிக்கொள்ளலாம்.

சமூக உளவியலாளர் ராபர்ட் ஸயன்ஸ் 1965இல் எழுதியது இன்னும் பயனுள்ளது: பார்வையாளர் முன் நன்கு பழகியது மேலும் மெருகேறும், அரைகுறையாகப் பழகியது கெடும். ஒருமுறை தப்பில்லாமல் வந்ததும் பயிற்சியை நிறுத்துவதே பெரும்பாலோர் செய்யும் பிழை. அதற்குப் பிறகுதான் உண்மையான பயிற்சி. எந்த அடியைச் சொன்னாலும் அங்கிருந்து தொடங்க வர வேண்டும். முதலிலிருந்து மட்டுமே ஓதிப் பழகியவருக்கு ஒரு சொல் நழுவினால் மீதி முழுவதும் போகும். கடைசி இரண்டு நாள் நாலு பேரை உட்காரவைத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஒற்றைத் தாள் சிறு நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். கெட்டி அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். கையில் பிடிக்கும் மைக்கைவிட ஸ்டாண்டு மைக் நல்லது. ஏறுவதற்கு முன் ஸ்ட்ராங் டீ வேண்டாம், நடுக்கம் கூடும். 4 நொடி மூச்சிழுத்து, 6 முதல் 8 நொடி விடுங்கள். ஐந்தாறு முறை போதும், இதயத் துடிப்பு தணியும்.

தடுமாற்றம் சொல்பவருக்குத் தெரியும் அளவுக்குக் கேட்பவருக்குத் தெரிவதில்லை. 2000இல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வில், கூச்சப்படவைக்கும் படம் போட்ட சட்டையோடு அறைக்குள் போனவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர்தான். அடி மறந்தால் இரண்டு நொடி நின்று, முந்தைய அடியையே அழுத்திச் சொல்லுங்கள். அழுத்தத்துக்காகத் திருப்பிச் சொன்னதாகவே பலரும் நினைத்துக்கொள்வார்கள்.